மாமா முட்டியில் மறந்த ஊசிகள்

அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவனை நோயாளிக்குத் துணையாக அனுப்பக் கூடாது. அனுப்பியதால் வந்த வினைக்கு நானே சாட்சி.

அறுபதுகளில் நான் கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேல்மலையில் பூண்டு போட்டிருந்த என் தாய்மாமாவுக்கு முட்டிவலி. பழனிக்கு நடந்து போய்க் காவடி எடுத்த பிறகுதான் மகளுக்குக் கல்யாணம் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தார். (மாப்பிள்ளை அடியேன். மாமாவின் முட்டி மடங்கினால்தான் எனக்குத் தாலி கட்டும் யோகம்.) டாக்டர் கொடுத்த வீக்க மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றை எரித்தது. மனுஷர் மோரைக் குடித்தே நாளை ஓட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

சீனாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊசியாலேயே முட்டிவலியைத் தீர்க்கிறார் என்று கேள்விப்பட்டோம். என் ஹோட்டல் இங்கிலீஷை நம்பி அத்தை என்னையே மாமாவுக்குத் துணையாக அனுப்பினார்.

ஊசி என்றதும் மாமா கட்டிலில் குப்புறப் படுத்து வேட்டியைத் தளர்த்திவிட்டார். (நமக்குத் தெரிந்த ஊசி அதுதானே.) டாக்டர் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி மெல்லிய ஊசிகளைக் குத்தினார். மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. "இருபது நிமிஷம் இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மாமா படுத்திருக்கட்டும் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷுக்காகப் போனவனுக்குத் தமிழ் புரியவில்லை.

மாமா முட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏலே மாப்ளே, ஊசிய எடுக்காமப் போயிட்டாரு. வெரசா புடுங்கு, உள்ள எறங்கிறப் போகுது."

பிடுங்கினேன். மொத்தம் பதினொன்று. தட்டில் அடுக்கிக்கொண்டு போய், மறந்துவிட்டீர்கள் சார் என்று இங்கிலீஷில் நீட்டினேன். அங்கே ஒரு அம்மாள் தோள் நிறைய ஊசிகளோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வந்து பதினொன்றையும் முதலிலிருந்து குத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "விடுலே, நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். திட்டியிருந்தால்கூட அப்படிக் குத்தியிருக்காது.

அதன்பின் ஐந்தாறு தடவை போனோம். தைப்பூசத்துக்கு மாமா காவடியோடு மலையேறினார், எனக்கும் கல்யாணம் ஆனது. குணமாக்கியது சீன ஊசிதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமா திருட்டுத்தனமாக அரை மாத்திரையும் விழுங்கிவந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தையோ எல்லாம் முருகன் செயல் என்றுவிட்டார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஊசி போட வந்த நர்ஸிடம் என் மனைவி சொன்னாள்: "போட்டுட்டு நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கம்மா. அசந்தா இவரு புடுங்கித் தட்டுல வச்சுக் கொண்டாந்துருவாரு."