பச்சைத் தகடு பெற்ற தெரு

நகரத்து வீடுகளுக்கு எங்கெங்கே எவ்வளவு ஆபத்து என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி வரைபடம் போட்டு வகுத்திருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு ‘அதிக அபாய வட்டாரம்’. இந்தப் பக்கத்துத் தெரு ‘மிகக் குறைந்த அபாய வட்டாரம்’. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே காற்று, ஒரே எலி. பிரீமியம் மட்டும் அங்கே இரண்டு பங்கு. அந்தத் தெருக்காரர்கள் ஓயாமல் கிளெய்ம் கேட்கிறார்கள், இந்தத் தெருக்காரர்கள் கேட்பதே இல்லை என்பது கம்பெனி சொன்ன காரணம்.

கேட்க விட்டால்தானே! அதைத் தடுக்கத்தான் தெருச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். போட்டோ ஸ்டூடியோக்காரர். யாரைப் பார்த்தாலும் சிரிங்க சிரிங்க என்று சொல்லியே பழகியவர்.

சலூன்காரர் வீட்டு மாடித் தண்ணீர்த்தொட்டி உடைந்து அடுப்படிக்குள் இறங்கியபோது, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முதலில் ஓடியவர் அவர்தான்.

“அண்ணே, கிளெய்ம் அது இதுன்னு போயிடாதீங்க. உங்க ஒருத்தருக்காகத் தெருவே ரெண்டு பங்கு கட்டணுமா?”

“அப்போ என் அடுப்படி, தம்பி?”

“அடுப்படிக்கு என்னண்ணே? கொஞ்சம் காத்தோட்டமாயிருக்கு, அவ்வளவுதான்.”

பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ், தன் பொருளுக்கு மட்டும் இன்சூரன்ஸ் கட்டியிருந்தாள். ஒயர் பற்றி, பீரோவோடு துணிமணி எல்லாம் எரிந்துபோனது. “தீன்னு சொல்லாதம்மா, சூடுன்னு சொல்லு” என்று அவளையும் சரிக்கட்டினார். பாவம், இரவல் உடுப்பில் வேலைக்குப் போனாள்.

கம்பெனி மனம் குளிர்ந்து வாசலுக்கு வாசல் ‘மிகக் குறைந்த அபாய வட்டாரம்’ என்று பச்சைத் தகடு அறைந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? தகட்டைக் காட்டி வாடகையை ஏற்றினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்கு மேலே வட்டாரத்தைப் போட்டார்கள்.

ஒருநாள் அடித்த காற்றில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்ற பெரிய மரம் இந்தப் பக்கம் வந்து படுத்தது. படுத்த இடம் ஸ்டூடியோவும் சேர்ந்த செயலாளர் வீடு. கூரை, சுவர், கேமரா, விளக்கு எல்லாம் தவிடுபொடி. பிழைப்பே போய்விட்டதே என்று மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

“கிளெய்ம் கேக்கப் போறேன்” என்றார்.

“ஊருக்குச் சொன்ன நியாயம் என்னாச்சு?” என்றாள் மனைவி.

“அடி போடி! அது வேற, இது வேற. அது தொட்டி, இது மரம்!”

கம்பெனி ஆய்வாளர் வந்தார். விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்.

“இந்த வட்டாரத்தில் மரம் விழும் நிகழ்வு பதிவாகவில்லையே!”

“சார், நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க.”

“உட்காருவது வேறு, பதிவு வேறு. அக்கம்பக்கத்தார் இருவர் கண்டதாகக் கையெழுத்துப் போட்டால் ஆவன செய்யலாம்.”

சலூன்காரர் கிளையைத் தாண்டிக் குதித்து வந்தார். தோளில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “மரமா? எந்த மரம்?” என்றார். “கொஞ்சம் காத்தோட்டமாயிருக்கு, அவ்வளவுதான்.”

“நிழல் மாதிரி ஏதோ தெரியுது சார்” என்றாள் நர்ஸ். “மரம்னு சொல்ல முடியாது.”

‘மேற்படி மரம் மேற்படி ஸ்தலத்தில் காணப்படவில்லை’ என்று எழுதிய ஆய்வாளர், வெளியே போக வழியில்லாமல், கிளையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்படி செயலாளரையே கேட்டுக்கொண்டார்.

செயலாளரின் தியாகத்தை மெச்சி, தெருவே கூடி அவருக்கு இன்னொரு பச்சைத் தகடு வழங்கியது. அறையச் சுவர் இல்லாததால் மரத்திலேயே அறைந்தார்கள்.

அடுத்த மாதம் பிரீமியம் நோட்டீஸ் வந்தது. மூன்று பங்கு! தெருவே கம்பெனிக்கு ஓடியது.

“உங்கள் வட்டாரத்தில் எதுவுமே பதிவாகவில்லை” என்றார் அங்கே இருந்த அதிகாரி. “விவரமே தெரியாத இடத்துக்கு எதை நம்பி பிரீமியம் போடுவது? அதைவிடப் பெரிய அபாயம் உண்டா? எதிர்த்தெருவில் என்ன உடையும், எப்போது உடையும் என்று விவரம் சுத்தமாக இருக்கிறது. அவர்களுக்குப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.”

“எங்களுக்கும் நிறைய உடைஞ்சிருக்கு சார்!”

“மிக்க மகிழ்ச்சி. உங்கள் சங்கச் செயலாளர் கண்டதாகக் கையெழுத்துப் போட்டால் பதிவு செய்து, பிரீமியத்தைக் குறைத்துவிடலாம்.”

எல்லோரும் திரும்பி ஓடினார்கள். செயலாளர் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். தூறல் நேராக அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

“தம்பி, தொட்டி விழுந்தப்ப மொதல்ல ஓடி வந்தது நீங்கதானே? ஒரு கையெழுத்து...” என்று பேனாவை நீட்டினார் சலூன்காரர்.

செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் சிரிப்பதுபோல அழகாகச் சிரித்தார்.

“தொட்டியா? எந்தத் தொட்டி?”

“ஐயோ, போட்டுத் தொலைங்களேன்!” என்று கத்தினாள் மனைவி. “நமக்கும்தானே மூணு பங்கு?”

“கட்டுறவங்க கட்டட்டும்” என்றார் செயலாளர். “கூரையே இல்லாத வீட்டுக்கு எவன்டி இன்சூரன்ஸ் கட்டுவான்?”