அம்பயர் வளர்ப்பவர்

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மீன் வளர்ப்பவர்களைத் தெரியும். தொட்டியில் ரோஜாச் செடி வைத்துவிட்டு, அது பூக்காததற்குப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்படுகிறவர்களையும் தெரிந்திருக்கும். அம்பயர் வளர்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு, அது தெரியுமா? உள்ளூர் கிளப் கிரிக்கெட் நடக்கிற இடம் எதுவானாலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். அடையாளம் காண்பது சுலபம். வரிசையில் நிற்கும்போது எல்லோரும் கவுண்டரைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் கைக்குக் கிடைத்திருப்பவரை மைதானத்தில் ‘விரல் வாத்தியார்’ என்பார்கள். அவுட் கொடுக்க விரல் தூக்குவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பதால் வந்த பட்டம். பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களெல்லாம் கதவைத் தட்டி அலறிக்கொண்டிருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிவனே என்று நின்றிருந்த ஒரு மனிதரை ஒருமுறை இவர் வெளியே எடுத்தார். கதவைத் திறந்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மூச்சு முட்டுகிறதா என்று கேட்கவில்லை.

“சார், உங்களுக்கு முட்டி வலி உண்டா?”

அதுதான் அவருடைய முதல் கேள்வி, யாரிடமானாலும். இல்லை என்று சொன்னால் தொலைந்தீர்கள். “வாரத்துல ஒரே ஒரு மத்தியானம் சார். நல்ல காத்து, நிழல், டீ. சும்மா நின்னா போதும்” என்பார். இதில் டீ மட்டும்தான் உண்மை, அதுவும் ஆறிப்போயிருக்கும். காற்று புழுதியோடு வரும். நிழல் என்று அவர் சொன்னது உங்கள் நிழலைத்தான். சும்மா நிற்பதைப் பற்றியோ, பந்து காலில் பட்டதும் பதினோரு பேர் ஒரே குரலில் உங்களை நோக்கிக் கத்தும்போது தெரிந்துகொள்வீர்கள்.

பயிற்சி, டயர் கடைக்கு மேலே இருக்கும் கிளப் அறையில் நடக்கும். மூன்று குடைகளைச் சுவரில் சாய்த்தால் ஸ்டம்ப். துணி உலர்த்தும் ஸ்டாண்டு பேட்ஸ்மேன். மற்ற எல்லோரும் வாத்தியாரே. அவரே நின்ற இடத்திலிருந்து பந்து போடுவார், அவரே ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் கை நீட்டிப் பிடிப்பார், அவரே அப்பீல் செய்வார், நீங்கள் அவுட் இல்லை என்று தலையாட்டியதும் கோபக்கார பவுலராக மாறித் தொப்பியைத் தரையில் அடித்து, உங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அதில் அவருக்கு ஒரு தனி ருசி. கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆரம்பிச்சுட்டாருப்பா” என்று வேலையைத் தொடர்வார்.

பாடங்கள் நல்ல பாடங்கள்தான், குறை சொல்ல முடியாது. ஏறிய விரல் இறங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நாட் அவுட். யாரையும் பார்க்காதே, யாரையும் கேட்காதே. முடிவு உன்னுடையது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார் பாருங்கள், அதில்தான் வினை.

“ஆனா…”

ஆட்ட நாளில், பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, கண்ணில் பைனாக்குலரோடு உட்கார்ந்திருப்பார். டீ இடைவேளையில் அவர் வளர்த்த அம்பயரை ஓரங்கட்டித் தோளில் கை போடுவார். “ரொம்ப நல்லா பண்ணீங்க. ஆனா, அந்த வைடு…” ஆட்டம் முடிந்ததும், “பிரமாதம். ஆனா, அந்த எல்.பி.டபிள்யூ…” ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன். “தொந்தரவு பண்ணலையே? ஒண்ணுமில்ல, இன்னிக்கு நீங்க நின்ன விதம் அருமை. ஆனா…” எதிரணி பவுலரின் திட்டைத் தாங்கிக்கொண்டவர்கள்கூட இந்தப் பாராட்டைத் தாங்கவில்லை. ஒருவருக்குத் திடீரென்று மூலம் வந்துவிட்டது. லிஃப்டில் அசையாமல் நின்ற அந்த மகான், வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் செய்தி அனுப்பினார். அடுத்த வாரமே காய்கறி மார்க்கெட்டில், வாத்தியாரைக் கண்டதும், முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி இல்லாதவர், சட்டென்று உட்கார முடிந்தது.

இப்படியே சீசன் முடியும் தறுவாய்க்கு வந்தது. அப்போதுதான் லீக் நிர்வாகம் குண்டைத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு கிளப்பும் தன் சார்பில் ஓர் அம்பயரைக் கொண்டுவர வேண்டும். அவர் இனிமேல் நடக்கிற ஓர் ஆட்டத்தையாவது முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை நின்று முடிக்க வேண்டும். அப்படி ஒருவரைக்கூடக் காட்ட முடியாத கிளப்புக்கு அடுத்த சீசனில் இடமில்லை. வாத்தியாரின் கிளப்புக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆட்டம். கையில் ஆள் இல்லை. ஊரில் அத்தனை முட்டிகளும் ஒரே நேரத்தில் வலிக்க ஆரம்பித்திருந்தன.

‘நீங்களே நிற்பதுதானே?’ என்கிறீர்களா? நல்ல கேள்வி. யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அவருடைய இரண்டு முட்டிகளும் போய்ப் பல வருஷமாகிறது. ஒரு காலத்தில் அவரும் வெள்ளைக் கோட்டு போட்டு நடுவில் நின்றவர்தான். அந்த இடத்துக்காக அவர் மனம் இன்றும் ஏங்குகிறது. போக முடியாத இடத்துக்குப் பிறரை அனுப்பிவைத்து, அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

கடைசியில் மாட்டியவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இதில் வாத்தியாருக்கு ஒரு ராஜதந்திரமும் இருந்தது. “அம்பயரைப் பாத்து எல்லாரும் கத்துறது என்ன? கண்ணு தெரியலையான்னுதானே? கண்ணாடிக் கடைக்காரரைப் பாத்து எவன் கத்துவான்?”

சகலை பரம சாது. நாள் முழுக்க வாடிக்கையாளர் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி வைத்து, ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?’ என்று கேட்கிறவர். அவராக எதையும் முடிவுசெய்து பழக்கமில்லை. டயர் கடை மாடியில் முதல் அப்பீலுக்கே அது தெரிந்துபோயிற்று.

“அண்ணா, அதே பந்தை இன்னொரு தடவை போடுங்க. முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா, இதுவான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டாண்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டில் வேறு பிரச்சினை காத்திருந்தது. “ஏங்க, இதுவரைக்கும் நீங்க ஓட வச்சவங்க எல்லாம் ஊரான் வீட்டுப் பிள்ளைங்க. இவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு” என்றார் மனைவி. “இவரும் பாதியில ஓடினாருன்னா அவ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. நாளைக்கு நானும் வரேன். நீங்க வாயத் திறக்கவே கூடாது.”

“முடிவெல்லாம் அவரோடதுதாம்மா. ஆனா…”

“ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது.”

ஆட்ட நாள். எதிரணி முதலில் ஆடி முடித்தது. அதில் தகராறுக்கு இடமில்லாமல் எல்லோரும் ஸ்டம்ப் பறந்தும், தூக்கியடித்துக் கேட்ச் கொடுத்தும் அவுட்டாகித் தொலைத்தார்கள். பிறகு வாத்தியாரின் கிளப் மட்டை பிடிக்க வந்தது. எதிரணி கொண்டுவந்த அம்பயர் ஒரு முனையில், சகலை மறுமுனையில். வாத்தியார் நாற்காலியை எங்கே போட்டார் தெரியுமா? சகலைக்கு நேர் எதிரே. அம்பயர் நிமிர்ந்தால் ஸ்டம்ப் தெரியும், பேட்ஸ்மேன் தெரிவார், கீப்பர் தெரிவார், அதே கோட்டில், பவுண்டரிக்கு அந்தப் பக்கம், வாத்தியார் தெரிவார்.

வாயை அவர் திறக்கவேயில்லை. அதற்கு நான் சாட்சி. ஆனால் பந்து காலில் பட்டு முதல் அப்பீல் எழுந்தபோது அவர் தலை தானாகக் கொஞ்சம் இடவலமாக ஆடியது. எட்டத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பிறரைப் படிக்கச் சொல்லியே பழகிய சகலை, எட்டத்தில் இருந்த முகத்தைத் தானே படித்துவிட்டார். நாட் அவுட். அடுத்தது ஒரு பந்து விலகிப் போனது. வாத்தியாருக்குச் சோம்பல் முறிக்க வேண்டும்போல் இருந்தது, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக நீட்டினார். வைடு. இன்னொன்றுக்கு அவருக்கு மூக்கு அரித்தது, ஆள்காட்டி விரல் மேலே போனது. அவுட். பாவம், மூக்கு உண்மையிலேயே அரித்திருக்கலாம்.

எதிரணி என்ன இளித்தவாயர்களா? கொஞ்ச நேரத்தில் கீப்பர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பீல் எழுந்தபோதெல்லாம் பீல்டர்கள் அம்பயருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பவுண்டரிக்கு வெளியே இருந்த மடக்கு நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்கள். ஒருமுறை கீப்பர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “சார், நீங்களே பாத்துச் சொல்லுங்க!” என்றார். மைதானமே சிரித்தது. நடுவில் சகலையின் முகம் சுண்டிப்போனது. கோட்டின் முதல் பித்தானைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். எத்தனையோ பேர் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்தவர் வாத்தியார். அது எப்படி ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவி எழுந்தார். “வாயத்தானே மூடச் சொன்னேன், கழுத்த யாரு ஆட்டச் சொன்னா? எந்திரிங்க.” நாற்காலியைத் தூக்கி அப்படியே திருப்பிப் போட்டார். “உக்காருங்க. ரோட்டப் பாருங்க.”

உட்கார்ந்தார். எதிரே ஒரு மதில். அதில் ‘இங்கே வண்டிகளை நிறுத்தாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே வரிசையாக வண்டிகள். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் அதையே படிப்பான்? முதுகுக்குப் பின்னால் மட்டைச் சத்தம் கேட்கிறது, ஓடுகிற சத்தம் கேட்கிறது, “இன்னும் நாலு ரன்தான்!” என்று தன் கிளப் பையன்கள் கத்துவது கேட்கிறது. கடைசி ஜோடி ஆடுகிறது என்பதை மட்டும் மனைவி சொன்னார். திரும்ப முயன்றபோதெல்லாம் தோளில் கை வைத்து அழுத்தினார்.

அப்போது எழுந்தது ஒரு பெரிய அப்பீல். அதன்பின் அமைதி.

அந்த அமைதியை வாத்தியார் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். முதுகால் கேட்டது இதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு மனிதர் இப்போது நிமிர்ந்து பார்த்திருப்பார், அங்கே ஒரு பின்மண்டைதான் தெரிந்திருக்கும். யாரும் இல்லாமல் அவர் அங்கே நிற்கிறார். தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றோம், அப்போது யாராவது தலையாட்ட மாட்டார்களா என்று தவித்தோம் என்பதும், தலையாட்ட யாரும் இல்லாததால்தான் அம்பயர் ஆனோம் என்பதும் வாத்தியாருக்கு ஒருசேர ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டாமல் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரவாரம் எழுந்தது. எதிரணிப் பக்கமிருந்து.

கிளப் தோற்றுவிட்டது. அவுட்டான கேப்டன் மட்டையை இழுத்துக்கொண்டு நேரே வாத்தியாரிடம் வந்தார். “உங்க சகலை கடையில இருக்கிற கண்ணாடியெல்லாம் வித்துட்டாரா சார்? அவருக்கு ஒண்ணு மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?”

ராஜதந்திரம் அதோடு போயிற்று. ஆனாலும் வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அம்பயர் குடுத்தா குடுத்ததுதான். போய் டீ குடி. அடுத்த சீசனும் லீக்ல இருக்கோம்ல, அவர் கடைசி வரைக்கும் நின்னதாலதான்.”

சகலை வந்தார். கோட்டின் பித்தான்கள் மறுபடி மேலிருந்து கீழ்வரை போடப்பட்டிருந்தன. முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் மின்னியது. “அண்ணா, நிமிர்ந்து பாத்தேன், உங்க பின்மண்டைதான் தெரிஞ்சுது. அப்புறம் நானே குடுத்துட்டேன். எப்படி இருந்துச்சு?”

மனைவி வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நல்லா பண்ணீங்க சகலை,” என்றார் வாத்தியார். நாக்கு நிற்கவில்லை. “ஆ…”

மனைவியின் புருவம் ஏறியது. வாய் திறந்தது திறந்தபடியே இருக்க, வாத்தியார் அதை நீளமான ஒரு கொட்டாவியாக மாற்றி, கையால் பொத்தி, நல்லபடியாக முடித்துவைத்தார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சாதனை எதுவும் எனக்குத் தெரியாது.

சகலை அடுத்த சீசனும் வந்தார். வந்ததோடு விட்டாரா? போன வாரம் அவர் கடைக்குக் கண் பரிசோதிக்கப் போன ஒருவர், தாடையைக் கருவிமேல் பதித்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். சகலை சில்லுகளை மாற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு கேட்டிருக்கிறார்: “சார், உங்களுக்கு முட்டி வலி உண்டா?”

சிரிக்கிறீர்கள். நல்லது. யாரோ காரைப் பின்னால் எடுக்கும்போது, கேட்காமலே நடுரோட்டில் நின்று கை காட்டியவர் நீங்கள்தானே? தட்டில் வந்ததை ருசி பார்த்துவிட்டு, ‘பிரமாதம், ஆனா…’ என்று தொடங்கியதும் நீங்கள்தானே? அதெல்லாம் போகட்டும். கேப்டன் அவுட்டா, இல்லையா? பந்து எங்கே பட்டது என்றுகூட நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அதற்குள் மனதில் ஒரு முடிவு வந்துவிட்டது, இல்லையா? இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்து படித்திருக்கிறீர்கள் வேறு.

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?