அம்மா கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்

நாற்பது வயதில் அம்மாவிடம் சான்றிதழ் கேட்டுப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாங்கியும் உருப்படவில்லை.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மூன்று வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுகை குறைந்தது. மீட்டிங்கை மறப்பதும், தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதும் குறையவில்லை. மேனேஜர் கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டார். கடல் தாண்டி நான் குடியிருக்கும் எடிசன் நகரில் புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, "கவனக்குறைபாடும் கூடவே இருக்கலாம், இதெல்லாம் சேர்ந்து வருவதுண்டு. ஆனால் சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும்" என்று, வளர்த்தவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றை நீட்டினார்.

வளர்த்தவள் வீட்டிலேயே இருந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தன் பள்ளியை விட்டுப் போன ஒரு பிள்ளைக்குக்கூட நடத்தை சரியில்லை என்று எழுதாதவள். (இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத் தெரிந்தால் டாக்டரிடம் ஏன் போகிறேன்?)

மறுவாரம் டாக்டர் படிவத்தைப் படித்தார். பொருட்களைத் தொலைப்பாளா? ஒருபோதும் இல்லை. சொன்னதை மறப்பாளா? ஒருபோதும் இல்லை. அடியில் பச்சை மையில், 'நன்னடத்தை உடையவள்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வேறு.

"இதன்படி உங்களுக்குக் கவனக்குறைபாடு இல்லையே" என்றார் டாக்டர். உட்கார்ந்தபடியே அழுதேன். வெளியே காத்திருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏம்மா இப்படி எழுதுன? நான் எதையும் தொலைச்சதே இல்லையா?"

"அடுத்தவங்க முன்னால பெத்த பிள்ளைய குறை சொல்லுவாங்களாட்டி?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ தொலைக்காத நாளு எது? உனக்கு டிபன் பாக்ஸ் ரெண்டு, ஜாமெட்ரி பாக்ஸ் ரெண்டு, செருப்பு ரெண்டு ஜோடி வாங்குவேன். ஒரு செட்டு ஸ்கூல்ல என் பீரோவுல இருக்கும். தொலைச்சுட்டு வந்தா எடுத்துக் குடுத்துருவேன்."

மனசு கலங்கினால் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆக, என் குற்றப்பத்திரிகையை நானே டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். இத்தனை நாள் என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். இங்கே இன்னொரு செட் எடுத்து வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"ஒரு நாள் தம்பிய பஸ்ஸுலயே விட்டுட்டு நீ மட்டும் இறங்கி வந்துட்ட" என்றாள் அம்மா கடைசியாக. "அன்னைக்குத்தான் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவன் ஒருத்தன்தானே இருந்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம் நடக்கிறது. வேலை இன்னும் போகவில்லை. தம்பிக்கு வழுக்கையே விழுந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்ததும் அம்மாவிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி அதுதான்:

"ஏம்மா, என்னைய மட்டும் ஏன் ரெண்டா பெக்கல?"