பிரவுசிங் அக்காவும் வருமான வரிக் கடிதமும்

வருமான வரித் துறையின் கடிதத்தைப் பார்த்து முகம் மலர்கிற ஒரே மனுஷி, இந்த உலகத்தில் எங்கள் பிரவுசிங் அக்காதான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டுக்குப் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். வரி நோட்டீஸ் என்றால் தன் பக்கம் இருக்கும் ஃபேனை நம் பக்கம் திருப்பி வைப்பார்.

கடையில் நான்கு நாற்காலிகள். மூன்றில் யாரும் உட்காரலாம். நான்காவது, வரி ஆபீசருக்கு. எந்த ஆபீசரும் வந்ததில்லை. நோட்டீஸ் வந்தவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழக வேண்டும். தொப்பூர் லாரிக்காரர் ஒருவர் டீசல் பில்லில் ஆரம்பித்து, மச்சினன் கல்யாணத்துக்குப் போகாமலிருக்கச் சொன்ன பொய் வரைக்கும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாராம்.

"ஆபீசர் கேட்டது ஒரே கேள்விங்க. இவரு ஜென்மக் கதையே சொல்லிட்டாரு" என்பார் அக்கா.

நான் அதியமான்கோட்டையில் ஒரு விதைக் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் வந்தது கடிதம். நிலம் விற்றிருக்கிறீர்கள், வருமானத்தில் ஏன் காட்டவில்லை? எனக்குச் சொந்தமான நிலம் பூந்தொட்டியில் இருக்கும் மண் மட்டும்தான். ஆனாலும் பயந்துபோய் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆறு பக்கம் பதில் எழுதி எடுத்துக்கொண்டு, கெடுவின் கடைசி நாளில் அக்காவிடம் ஓடினேன்.

கடிதம் நிஜம்தானா என்று வரித் துறையின் இணையதளத்தில் முதலில் சரிபார்த்தார். "ஒரிஜினல்தாங்க" என்று கை தட்டினார். பிறகு என் ஆறு பக்கத்தைப் படித்தார்.

"உங்க தாத்தா நேர்மையானவருன்னு எதுக்கு சார் எழுதியிருக்கீங்க? நோட்டீஸ் அவருக்கா வந்துது?"

"நம்பணும் இல்லீங்களா அக்கா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத சொன்னா அதுக்குத் தனியா ஒரு லெட்டர் வரும்."

திரையில் இரண்டு பொத்தான்கள்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். "ஒப்புக்கிறேன்னே அழுத்திடுங்க அக்கா, தொல்லை விட்டுது" என்றேன். அக்கா எழுந்துபோய் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ஏம்ப்பா, நெலம் வித்தியா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் எதுக்கு வித்தேன்னு சொல்ற?"

அக்கா எழுந்து, திரும்பவும் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார்.

நோட்டீஸில் பத்திர எண் இருந்தது. அதை வைத்து வில்லங்கச் சான்று எடுத்தார். விற்றவருக்கு என் பெயர்தான். "இனிஷியல பாருங்க சார், இனிஷியல பாருங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே உள்ளே வந்துவிட்டது. இனிஷியல் வேறு. யாரோ தவறுதலாக என் பான் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். ஆறு பக்கம் நான்கு வரியானது. சான்றை இணைத்து, மறுக்கிறேன் என்று அழுத்தினார். இணையதளம் மூன்று முறை தொங்கியது. ரேஷன் கார்டுக்கு வந்தவர்களும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். நான்காம் முறை போய்ச் சேர்ந்தது. "ஆய்த்து!" என்றார் அக்கா. சந்தோஷம் மிஞ்சினால் அவருக்கு வீட்டுக் கன்னடம் வந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து, விளக்கம் ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று முறை படித்தார். பிறகு என் மனைவிக்குப் போன் போடச் சொல்லி, போனை வாங்கிப் பேசினார்.

"ஒண்ணும் பிரச்சன இல்லீங்க. ஒரு மாசமா உங்க வூட்டுக்காரரு சரியா சாப்புட்டிருக்க மாட்டாரு, ஆளே எளச்சுட்டாரு. இன்னிக்கு நல்லா சமைச்சுப் போடுங்க."

நான் இளைத்துப்போனதை அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.