ராகுகாலத்தில் விழுந்த முதல் ஆர்டர்

பாதுகாப்பு என்று கிளம்புகிறவனிடமிருந்துதான் முதலில் பாதுகாப்பு வேண்டும். இதை நான் மாமனார் செலவில் கற்றுக்கொண்டேன்.

மாமனாருக்குச் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சகம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டு, நல்ல நேரத்துக்குள் முதல் ஆர்டர் வாங்கியாக வேண்டும். அதுவும் ஆலங்குளத்து ஸ்டேஷனரிக் கடை அண்ணாச்சியிடமிருந்து. அவருக்குக் கைராசி. முதல் ஆர்டர் பிசகினால் சீசனே படுத்துவிடும் என்பது மாமனாரின் நம்பிக்கை.

அந்த வருடம் ஆர்டரெல்லாம் இணையதளத்தில் மட்டும்தான் என்று மாற்றியவன் நான். (புது மாப்பிள்ளை, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கேட்கவா வேண்டும்?) அன்று காலை சர்வரைச் சோதித்தேன். டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய குறியாக்க முறைகள் இன்னும் புழக்கத்தில் இருந்தன. இணையத்தில் போகும் தகவலுக்குப் போடும் பூட்டுகள் அவை. திருடர்கள் அவற்றைத் திறக்க எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டையும் நீக்கினேன். என் லேப்டாப்பில் தளம் திறந்தது. அது போதாதா என்று பூஜையில் போய் உட்கார்ந்தேன்.

சூடம் காட்டியதும் அண்ணாச்சியின் போன். அவர் கடைக் கம்ப்யூட்டருக்கு நான் நீக்கிய பூட்டுகளைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"என்ன மாப்பிள்ளை, கடையத் தெறந்து வச்சுட்டு ஆள உள்ள விட மாட்டேங்கிறீக?"

கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னேன். மாமனார் என்னைப் பார்த்தார். பழைய முறைகளைத் திரும்பச் சேர்க்க ஓடினேன். பதற்றத்தில் கட்டளை வரியில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டதில் சர்வர் மொத்தமாகப் படுத்தது. இப்போது முழுப் பாதுகாப்பு. யாராலும் உள்ளே வர முடியாது. ஊருக்கெல்லாம் நல்ல நேரம் அச்சடித்துக் கொடுக்கும் இடத்தில் நல்ல நேரம் முடிந்து ராகுகாலம் பிறந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஒருவழியாகத் தளம் எழுந்தது. ராகுகாலம் கழியட்டும் என்று மாமனார் அண்ணாச்சியைக் காத்திருக்கச் சொன்னார். வேலை செய்கிறதா என்று பார்க்க நானே ஓர் ஆர்டர் போட்டேன். கடைப் பெயர் டெஸ்ட் ஸ்டோர்ஸ், எண்ணிக்கை ஆயிரம். மாமனாரின் போன் மணியடித்தது. முதல் ஆர்டர்.

அழித்துவிடலாம் என்றேன்.

"மொத ஆர்டரக் கேன்சல் பண்ணுனா தொழில் வெளங்குமா மாப்பிள்ளை? அடிச்சிருவோம்" என்றார், குரலை உயர்த்தாமல்.

அடித்தார்கள். ஆயிரம் காலண்டர், முருகன் படம், கீழே கொட்டை எழுத்தில் டெஸ்ட் ஸ்டோர்ஸ். சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுச் சுவரிலும் அதுதான் தொங்கியது. அந்த சீசன் அமோகமாக ஓடியது, வம்பே அங்கேதான். இப்போது ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் முதல் ஆர்டர் என்னுடையது, ராகுகாலத்தில். அண்ணாச்சி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன மாதம் எம். புதுப்பட்டியில் ஒரு கல்யாணம். என்னைக் காட்டி, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று ஒரு பெரியம்மா விசாரித்தார். என் மனைவி யோசிக்கவே இல்லை.

"கடை வச்சிருக்காக. டெஸ்ட் ஸ்டோர்ஸ். ஒங்க வீட்டுல காலண்டர் இருக்குமே, பாத்ததில்லையா?"