இருபதாவது நிமிடத்தில் அணைக்கப்பட்ட ஆயர்

குமாரபாளையத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக அதிகாரம் படைத்தவர் செட்டுக்காரர்தான். கடவுள்கூட என்னை மணிக்கணக்கில் பேச விட்டிருக்கிறார். செட்டுக்காரர் இருபது நிமிடத்துக்கு மேல் விட்டதில்லை.

மைக்செட் வாடகைக்கு விடுபவர். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும்; அந்த ஊரில் ஆறு வருடம் ஆயராக இருந்த நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாரியம்மன் பண்டிகை, பள்ளிவாசல் விழா, கட்சிக் கூட்டம், எங்கள் தேவாலயம் எல்லாவற்றுக்கும் அதே நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், அதே ஆம்ப்ளிஃபயர். ஊரே லீவில் இருக்கும் நாளில் வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இதைச் சொல்லி ஒருமுறை அவரிடம் அலுத்துக்கொண்டேன். "உங்களுக்கு நின்னு பேசற வேலைங்க சாமி. நான் மரமேறிக் கொழாய் கட்டோணும்" என்றார்.

முதன்முதலில் அவர் என்னை 'சாமி' என்றது, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஓர் அறுப்பின் பண்டிகையன்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. வேற்று மதத்தவர் வாயில் இத்தனை மரியாதையா என்று அங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அடுத்த நிமிடமே, யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்து வாசலில் கட்டியிருந்த மேச்சேரிக் கிடாயிடம், "ஒயரக் கடிக்காத சாமி" என்றார். அதே குரல். அதே மரியாதை.

பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் என் வாய் அசையும், சத்தம் வராது. எம்.எல்.ஏ. ஒருவரைப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லும்போதே பாதிப் பாலத்தில் நிறுத்தியவர் அவர். அதனால் எனக்குத் தனி வருத்தமில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. சுவிட்சைப் போடுவதற்கு முன் ஆம்ப்ளிஃபயருக்குக் குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிடுவார். கோயிலானாலும் சரி, எங்கள் ஆலயமானாலும் சரி. கேட்டால், "நன்றி சொல்லாம ஒழைக்கச் சொன்னா, அதென்னங்க நமக்கு மாமனா மச்சானா?" என்பார்.

எங்கள் சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொட்டு வைத்த பெட்டி வழியாக வேதவசனம் வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆளை நிறுத்திவிடலாம் என்றார். செட்டுக்காரருக்கு வாரா வாரம் நிச்சயமாகக் கிடைத்த வேலை எங்கள் ஞாயிறு ஆராதனை ஒன்றுதான்.

நானோ ஊரறிந்த பரந்த மனதுக்காரன். சமத்துவப் பொங்கல் மேடையில், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் கேட்பவர் ஒருவரே என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவன். அந்தக் கைதட்டலை ஊருக்கு ஒலிபரப்பியதும் பொட்டு வைத்த அதே பெட்டிதான். ஆனாலும் செயலாளரிடம் "பார்க்கலாம், ஜெபிக்கலாம்" என்று நாளைக் கடத்தினேன். மேடையில் இருக்கும் தைரியம் எனக்குக் கமிட்டி அறையில் இருந்ததில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகையும் வந்தது. பூசணிக்காய், வாழைத்தார், தறியிலிருந்து முதலில் இறங்கிய லுங்கி எல்லாம் பீடத்தின் முன் குவிந்திருந்தன. நன்றியைப் பற்றிச் சரியாகப் பத்தொன்பது நிமிடம் உருகினேன். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பீடத்தின் படியிறங்கி உள்ளறைக்குப் போனேன். செயலாளர் பின்னாலேயே வந்தார்.

"இன்னிக்கே முடிவு சொல்லிருங்க அய்யா. அவரா, நானா?"

சொன்னேன். "இந்த வாரத்தோட அவர நிறுத்திக்கலாங்க."

சொல்லிவிட்டுக் குனிந்தால், இடுப்பில் காலர் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நான்கு குழாய்கள். தறிச் சத்தத்தையும் மீறி, காவிரிக்கு அக்கரையில் பவானி வரைக்கும் கேட்கும். பரந்த மனதுக்காரனின் குரலைப் பாலத்தில் போகிற பஸ்காரர்கூடக் கேட்டிருப்பார்.

வெளியே ஓடி வந்தேன். சபை பாடிக்கொண்டிருந்தது, ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. ஜன்னலோரம் செட்டுக்காரர் ஹெட்போனோடு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அருகில் போய், வெளியில் கேட்டதா என்றேன்.

"இல்லீங்க சாமி. நீங்க படியெறங்கறப்பவே சவுண்டக் கொறச்சுட்டன். ஊருக்குக் கேக்கலீங்க."

"உங்களுக்கு?"

ஹெட்போனைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "காதுல மாட்டியிருக்கறனுங்களே. பாட்டு முடியப் போகுது, போய் நில்லுங்க."

போய் நின்றேன். கடைசி ஆசீர்வாதம் சொல்லவேண்டிய இடம். அவர் என் மைக்கை மறுபடி ஏற்றிவிட்டிருந்தார். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே ஏற்றியிருந்தார்.

"சற்றுமுன் உள்ளே போய், செட்டுக்காரரை நிறுத்தச் சம்மதித்தேன். பயத்தில் சொன்னது. அவர் இருப்பார். பொட்டும் இருக்கும்" என்றேன். பவானிக்கும் சேர்த்தே சொன்னேன். செயலாளர் ஒரு பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ வேகம் பிறந்துவிட்டது. ஓர் ஆயரின் மனப் போராட்டம் எப்படிப்பட்டது என்று மூன்று பகுதிகளாக விளக்கத் தொடங்கினேன். முதல் பகுதியிலேயே என் வாய் மட்டும் அசைந்தது.

ஏன் அணைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "சொல்ல வேண்டியது முடிஞ்சுதுங்க. அப்புறம் நீங்க உங்களப் பத்தியே பேச ஆரம்பிச்சுட்டீங்க."

செயலாளர் விலகவில்லை. இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டச் செட்டுக்காரரையே கூப்பிட்டார்.

இப்போது நான் நாமக்கல் பக்கம் வேறொரு சபையில் இருக்கிறேன். சுவரில் பதித்த ஸ்பீக்கர்; ரிமோட் என் கையிலேயே. முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் என்று தடையில்லாமல் பேசுகிறேன். இருபதாவது நிமிடத்தில் மட்டும் கண் தானாக ஜன்னலோரம் போய்த் தேடிவிட்டு வருகிறது.