பச்சை முகத்து மாரியம்மன்

"...அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, மாரியாத்தா மூஞ்சி ஏன் முத்திப்போன தேயிலை மாதிரி இருக்கு?"

கோயில் மண்டபத்தில் டிவி முன்னால் கூடியிருந்த தோட்டத்துக்கே கேட்கும்படி இதைக் கேட்டவர் லெட்சுமி அத்தை. முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். பச்சையில் அவரை ஏமாற்ற முடியாது. தன் மகள் கமலாவை எனக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தார். "அந்தப் பொட்டிய வச்சி உருப்படியா ஒன்னு செஞ்சி காட்டட்டும், பொறவு பேசலாம்" என்பது அவருடைய நிபந்தனை.

பொட்டி என்றால் டிவியோடு மாட்டி ஓட்டுகிற என் வீட்டுக் கம்ப்யூட்டர். எண்பதுகளில் மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலை ஆலையில் நான் வயர்மேன். கம்ப்யூட்டரைப் புத்தகம் பார்த்து நானாகவே கற்றவன் (அரைகுறை என்பதை மரியாதையாகச் சொல்கிறேன்). திருவிழாவுக்கு டிவியிலேயே அம்மனை வரவழைக்கிறேன் என்று வாய்விட்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் நாலு நிறம்தான் காட்டும். அதற்கு மேல் காட்ட ஒரு தந்திரம் உண்டு. திரையில் படம் மேலிருந்து கீழே வரி வரியாக விழும்போது, கழுத்து வந்ததும் குறுக்கிட்டு நிறப் பட்டியலை மாற்றிவிட வேண்டும். மேலே மஞ்சள் முகம், கீழே பச்சைச் சேலை. என் குறுக்கீடு சரியான வரியில் விழாததால் அம்மன் கழுத்து நடுங்கியது. "ஆத்தாவுக்கு அருள் வந்துருச்சுலா" என்றார் பக்கத்து வீட்டு மணியம். மூன்று வாரம் போராடி நடுக்கத்தை நிறுத்தினேன். நிறுத்திய வேகத்தில் இரண்டு பட்டியலையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். அது எனக்குத் தெரியவில்லை. என் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. அதில் மஞ்சளும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்; எது மேலே, எது கீழே என்று தெரியாது. (இன்றைக்கும் வீட்டில் புதுச்சேலை எடுத்தால் என்னிடம் மட்டும் யாரும் நிறம் கேட்பதில்லை.)

திருவிழாவுக்காக பிரிஞ்சாங் டவுனிலிருந்து லோரியில் வந்த கலர் டிவி உண்மையைச் சொல்லிவிட்டது.

"பச்சையம்மன்னு நெனச்சி கும்பிட்டுக்கலாம்லா" என்றார் பூசாரி, எனக்காக இரங்கி.

"அவ கோயிலு வேற, இவ கோயிலு வேற" என்ற அத்தை என் பக்கம் திரும்பினார். "இத வீட்டுல போட்டுப் பாக்கலியா நீ?"

"பாத்தேன் அத்தை. எங்க டிவி கறுப்பு வெள்ளை. ரெண்டு மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"கற்பூரம் கொளுத்தப் போறாங்க. ஆத்தா ரெண்டு மணி நேரம் நிப்பாளா?"

மண்டபமே சிரித்தது. கமலா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து டிவியிடம் போனார். "இதுல கலரு எது?" என்று கேட்டார். காட்டினேன். அந்தக் குமிழை இடப்பக்கமாகக் கடைசிவரை திருகினார். நிறமெல்லாம் வடிந்து, அம்மன் சாம்பலும் வெள்ளையுமாக, கழுத்து நடுங்காமல் நின்றாள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கமலாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, தீபம் தொட்டுக் கும்பிட என் பக்கத்தில் நிறுத்தினார்.